ஐந்து நிமிடத்தில் பாத்திமா பீவி: பேச்சுப் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தயார் செய்வது எப்படி

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 22 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையையாவது பேச்சுப் போட்டிக்கென்று ஊட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது என் தலையில் விழுந்த வேலை. 'சாதனைப் பெண்கள்' என்று தலைப்பு வந்துவிட்டால் எல்லாப் பள்ளியும் அதே நாலைந்து பேரைத்தான் தூக்கிக்கொண்டு வரும். நடுவர்கள் பத்தாவது ஜான்சி ராணியைக் கேட்கும்போது டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் நான் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக்கு அவர் பொருத்தமும்கூட. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மலையாளம் காதில் விழுந்து பழக்கம்; அவர் பிறந்த கேரளத்துப் பத்தனம்திட்டாவின் பெயரை நாக்கு சுளுக்காமல் சொல்லிவிடுவார்கள். அதோடு அவர் 1997 முதல் 2001 வரை நம் ஆளுநர். ஆளுநரின் கோடைக்கால மாளிகை ஊட்டியில், தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கிறது. மலர்க் கண்காட்சிக்குப் போன பிள்ளைகள் அப்போது அங்கே இருந்த 'ராஜ்பவன்' பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு ஒருகாலத்தில் உரிமைக்காரி இந்த அம்மா என்று சொன்னாலே முன் பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.

முதல் தடவை தோற்றோம். தப்பு என்னுடையது. பேச்சை நானே எழுதி, பிள்ளையை மனப்பாடம் பண்ண வைத்தேன். அதில் 'முதல்' என்ற சொல் பதினோரு இடத்தில் இருந்தது. அவள் எழுந்ததும் கணீரென்று, "இந்தியாவின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி!" என்றாள். பேசி முடித்ததும் நடுவர்களில் ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ அன்னா சாண்டி யாரும்மா?" அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்த ஜன்னலுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வழி இது. ஆசிரியர்கள், பெற்றோர், லைப்ரரியில் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தும் அண்ணன்மார், அக்காமார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல்களைப் பிரித்து வையுங்கள்

நாட்டின் முதல் பெண் நீதிபதி அன்னா சாண்டி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1937ல் முன்சீப், அதாவது கீழ்க் கோர்ட் நீதிபதி, ஆனார், 1948ல் மாவட்ட நீதிபதி, 1959ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான். பாத்திமா பீவி 1989ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். ஒன்று வேறு, மற்றது வேறு.

நான் முதல் தடவை இதைக் குழப்பியதோடு, அழகான ஒரு கண்ணியையும் அறுத்துவிட்டேன். பாத்திமா பீவியின் அப்பா மீரா சாகிப், ராவுத்தர் குடும்பத்துக்காரர், அரசாங்க உத்தியோகம். மகள் திருவனந்தபுரத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். மேலே அதையேதான் படிப்பதாக இருந்தாள். அன்னா சாண்டி கோர்ட்டில் பேர் எடுப்பதைப் பார்த்த அப்பா, நீ சட்டம் படி என்று திருப்பிவிட்டார். அன்னா சாண்டியை மறைத்தால் அந்த அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பதே புரியாமல் போகும். இப்போதெல்லாம் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

'ஆசியாவிலேயே முதல்', 'உலகிலேயே' என்று வாட்ஸப்பில் சுற்றுவதை எல்லாம் வெட்டிவிடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு 'முதல்' போதும்.

பஸ் ரூட் போடுங்கள்

ஒரு நாலு பக்க நோட்டு எடுத்து, இடது ஓரத்தில் வருடம், எதிரே அப்போது அவருக்கு வயது என்ன என்று பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். கழித்தல் கணக்கு அவர்களே போட்டால்தான் மண்டையில் நிற்கும்.

1927 ஏப்ரல் 30 பிறப்பு. 1950 நவம்பரில் வழக்கறிஞராகப் பதிவு, வயது 23. பார் கவுன்சில் தேர்வில் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம். 1958 முன்சீப், வயது 31. 1968 சார்பு நீதிபதி. 1972 தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவர். 1974 மாவட்ட நீதிபதி, 47. 1980 வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உறுப்பினர். 1983 உயர் நீதிமன்றம், 56. 1989 உச்ச நீதிமன்றம், 62.

இந்தப் பதவிப் பெயர்களை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை கடகடவென்று ஒப்பித்தால் நடுவருக்குத் தூக்கம்தான் வரும். பிள்ளைக்கும் எது பெரிது, எது சிறிது என்று தெரியாது. நான் ஒரு சனிக்கிழமை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் நின்றபோதுதான் வழி கிடைத்தது. முன்சீப் கோர்ட் எங்கே இருக்கிறது? கூடலூரில். மாவட்ட நீதிமன்றம்? ஊட்டியில். உயர் நீதிமன்றம் சென்னை. உச்ச நீதிமன்றம் டெல்லி. "கூடலூர் கோர்ட் மாதிரி ஒரு கோர்ட்டில் ஏறியவர் டெல்லியில் இறங்க 31 வருடம் ஆனது" என்று ஒரு பிள்ளை சொன்னாள், அரங்கத்தில் ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர். முன்சீப் நாற்காலியிலிருந்து மாவட்ட நீதிபதி நாற்காலிக்கு அவருக்கு 16 வருடம்.

நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, அதிகம் காத்திருந்த இடம் எது என்று வட்டம் போடச் சொல்லுங்கள். பேச்சு அங்கேதான் இருக்கும், பதவியேற்ற நாளில் இருக்காது.

1989ஐத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62. அதனால் அந்த வருடம் ஏப்ரல் 29ல், பிறந்த நாளுக்கு முதல் நாள், அவர் ஓய்வு பெற்றார். வேலை முடிந்தது. பிறகு அக்டோபர் 6ல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்கிறார். நடுவில் ஐந்து மாதம் ஒரு வாரம். ரிட்டயர் ஆனவருக்குத்தான் கதவு திறந்தது என்பதை முக்கால்வாசிப் பேச்சுகள் தாண்டிக் குதித்துவிடும். நீங்கள் அதில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு கணக்கும் சேரும். உச்ச நீதிமன்றம் 1950 ஜனவரியில் வந்தது. 39 வருடம் 8 மாதம் ஒரு பெண்கூட அங்கே நீதிபதி இல்லை. அவர் 1992 ஏப்ரலில் ஓய்வு பெற்றதும் மறுபடி யாரும் இல்லை; 1994 நவம்பரில்தான் சுஜாதா மனோகர் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து போன ஆர். பானுமதி ஆறாவது பெண், அது 2014. 2021 ஆகஸ்ட் 31ல் ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றார்கள். மூடியிருந்த கதவைத் திறந்தேன் என்று பாத்திமா பீவியே சொன்னதை எல்லோரும் எடுத்து ஆள்கிறார்கள். சொல்லட்டும். கதவு அதற்குப் பிறகு எத்தனை தடவை சாத்திக்கொண்டது என்றும் உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

ஒரு வழக்கு போதும், ஆனால் ஒரு வழக்காவது வேண்டும்

இதுதான் நான் அதிகம் பாடுபட்ட இடம். நீதிபதியைப் பற்றிப் பேச வந்துவிட்டு அவர் என்ன தீர்ப்பு எழுதினார் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் இறங்குவது, சமையல்காரரைப் புகழ்ந்துவிட்டு அவர் வைத்த குழம்பைப் பற்றிப் பேசாமல் வருவது போல. ஆனால் எந்த வழக்கு? சட்டச் சிக்கல் நிறைந்த வரி வழக்கை எடுத்தால் பிள்ளைக்கும் புரியாது, எனக்கும் புரியாது.

நான் எடுத்தது 1991ல் அவர் எழுதிய கர்நாடகக் குடிசைப் பகுதித் தீர்ப்பு. விஷயம் இதுதான். ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி, இதை மேம்படுத்தப் போகிறோம் என்று அரசு அறிவிக்கிறது. அங்கே இருப்பவர்கள் நம்பிக்கையோடு இருக்கிறார்கள். பிறகு அந்த அறிவிப்பை அரசே மாற்றிவிடுகிறது, குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அப்படிச் செய்யக் கூடாது, ஒருவருக்குக் கிடைத்ததைத் திரும்ப எடுக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது தீர்ப்பு. இதற்கு 'இயற்கை நீதி' என்று பெயர்.

இயற்கை நீதி என்றால் என்ன டீச்சர், காடா என்று கேட்டான் ஒருவன். எங்கள் ஊரில் நியாயமான சந்தேகம்தான். நான் விளக்கம் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, இனிமேல் ஜன்னல் ஓரத்து இடம் உங்களுக்கு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு வாரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை காரணம் சொல்லாமல் பழைய இடத்துக்கு அனுப்பினேன். ஒருத்தி கண் கலங்கிவிட்டாள். "என்னைக் கேக்கவே இல்லியே டீச்சர்" என்றாள். "அதேதான், அந்த வரியை அப்படியே எழுது" என்றேன். ஜன்னல் இடத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், என்னைக் கொடுமைக்காரி என்று நினைக்காதீர்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது சும்மா பாடம் இல்லை. என் அப்பா அம்மா இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி இந்த மலைக்கு வந்தவர்கள். எங்கே போக வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இரண்டு அரசாங்கமும் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டன. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வீடு என்றால் வேலை இருக்கும் வரைக்கும்தான். தாத்தா ஓய்வு பெற்ற மறு மாதமே வீட்டுப் பேச்சு எழும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை மேடையில் நின்று, வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் முன் வீட்டில் இருப்பவரைக் கேள் என்று ஒரு நீதிபதி எழுதினார் என்று சொன்னால், அதற்குக் குரல் ஏற்ற இறக்கம் எல்லாம் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

உங்கள் ஊரில் வேறு எதுவாவது இருக்கும். பிள்ளைக்கு எது சுடுமோ, அதற்குப் பக்கத்தில் இருக்கும் வழக்கை எடுங்கள்.

2001ஐத் தாண்டிப் போகாதீர்கள்

சங்கடமான பகுதி. பல ஆசிரியர்கள், "அரசியல் எதுக்கு மேடம், பிள்ளைங்க பேச்சு" என்பார்கள். ஆனால் ஆளுநராக இருந்தார் என்று சொல்லிவிட்டு எப்படி வெளியே வந்தார் என்று சொல்லாவிட்டால், நடுவர் கட்டாயம் கேட்பார். அப்போது பிள்ளை மறுபடி ஜன்னலைப் பார்க்கும்.

நான் வைத்திருக்கும் விதி: தேதியோடு சில வாக்கியம், ஒரு அடைமொழிகூடக் கூடாது. 'துணிச்சலாக' வேண்டாம், 'தவறாக' வேண்டாம். இப்படி:

"2001 மே மாதத் தேர்தலில் அதிமுக அணி வென்றது. ஊழல் வழக்கில் பெற்ற தண்டனையால் அந்தத் தேர்தலில் போட்டியிட முடியாமல் போன ஜெயலலிதாவை, வென்ற உறுப்பினர்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநர் அவரை முதல்வராகப் பதவியேற்க அழைத்தார். ஜூன் 30ல் கருணாநிதி கைதானதை ஒட்டி ஆளுநரைத் திரும்பப் பெற மத்திய அமைச்சரவை முடிவெடுக்க, அவர் ராஜினாமா செய்தார். செப்டம்பர் 21ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்த முதல்வர் நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தது."

தண்டனை பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரத்தானதையும் பிள்ளை தெரிந்து வைத்திருக்கட்டும், கேட்டால் சொல்ல. பாத்திமா பீவி உட்கார்ந்திருந்த அதே நீதிமன்றம் அவர் முடிவைச் செல்லாது என்றது. இதை நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டாம், கேட்பவருக்குத் தானாகவே உறைக்கும். குறை சொன்னதாகவும் ஆகாது, மறைத்ததாகவும் ஆகாது. ஒரு பெற்றோர் என்னிடம் வந்து, எங்க கட்சியைப் பத்திப் பேச வைக்கிறீங்களே என்று சண்டைக்கு நின்றார். நோட்டை எடுத்துக் காட்டி எந்தச் சொல் தப்பு என்று கேட்டேன். நாலு தடவை படித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

எழுதும் வேலை

நிமிடத்துக்கு 80 சொல் என்பது என் கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு 400. மேடையில் பயத்தில் வேகம் கூடும், அதனால் 380ல் நிறுத்தினாலும் சரியாக இருக்கும். கணக்கைத் தாண்டினால் பதவிகளை வெட்டுங்கள், காத்திருப்பை வெட்டாதீர்கள்.

'அன்பார்ந்த நடுவர் பெருமக்களே' என்று தொடங்கி முப்பது நொடியை வணக்கத்துக்கே செலவழிக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒரே வணக்கம், பிறகு நேராகச் சட்டக் கல்லூரி வகுப்பு. "அந்த வகுப்பில் பெண்கள் ஐந்து பேர். இரண்டாம் வருடம் மூன்று பேர்." இதைச் சொல்லிவிட்டு மூன்று எண்ணும் அளவு நிறுத்தச் சொல்வேன். கொல்லம் கோர்ட்டுக்குத் தலையில் முக்காடோடு ஒரு இளம் வக்கீல் முதன்முதலாக நுழைந்தபோது எத்தனை புருவம் உயர்ந்திருக்கும் என்று அடுத்த வரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் ஆசையில் காட்சிகளைக் கட்டிவிடுவார்கள். "அவர் அப்பாவின் காலில் விழுந்து கண்ணீரோடு..." என்று ஒருத்தி எழுதினாள். யார் பார்த்தது என்று கேட்டேன். விழித்தாள். நடந்தது தெரிந்தால் நடந்தது என்று எழுது, தெரியாததை எழுதாதே, நீ பேசுவது நீதிபதியைப் பற்றி என்று சொல்லி அடித்தேன், வரியைத்தான். தேதிகளை உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் முன்னாள் நீதிபதிகள் பக்கத்தோடு ஒத்துப் பார்க்க வையுங்கள். பள்ளி கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலை.

முடிவுக்கு 2023 நவம்பர் 23ல் கொல்லத்தில் 96 வயதில் மறைந்தார், அடுத்த வருடம் பத்மபூஷண் என்று சொல்லி இறங்கலாம். பரவாயில்லாத முடிவுதான். என்னிடம் கடைசியாகப் படித்த பிள்ளை வேறொன்று கண்டுபிடித்தாள். அதே 2023ல், ஊட்டியின் புது நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்ற புகார் டெல்லிவரை போய், உச்ச நீதிமன்றம் அறிக்கை கேட்டது. பேப்பரில் வந்த செய்திதான். உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி போய் 34 வருடம் கழித்து, நம் மலையிலிருந்து அதே நீதிமன்றத்துக்குப் போன கேள்வி இது என்று சொல்லிவிட்டு, நன்றி வணக்கம் என்று இறங்கிவிட்டாள். நான் திருத்தவே இல்லை.

போட்டி நாள்

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். நடுவட்டத்துக்கு ஏறும் வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். காலையில் புட்டு வேண்டாம், ரெண்டு இட்லியோடு நிறுத்துங்கள். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். முன் சீட்டு பிடியுங்கள். ரோட்டில் யானை நின்றால் அது நகரும்வரை பஸ்ஸும் நகராது, ஆகவே முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட வேண்டும். கூடலூர் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று பிள்ளை கேட்கும். பைக்காரா தாண்டியதும் கேட்காது. ஊட்டிக் குளிரில் தொண்டை கட்டும், பிளாஸ்கில் வெந்நீர் வேண்டும். மேடை ஏறும் முன் ஒரு தடவை மட்டும் பேசச் சொல்லுங்கள், அதுவும் மரத்தைப் பார்த்து. மனிதரைப் பார்த்துப் பேசினால் அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசிப் பிள்ளைக்கு மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். திரும்பி வரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பைக்காரா வந்ததும் கேட்டாள்: "டீச்சர், அந்த அஞ்சு மாசம் அவங்க வீட்ல என்ன பண்ணிட்டு இருந்திருப்பாங்க?"

தெரியாததை எழுதாதே என்று சொன்னவள் நான். ஆனால் பஸ்ஸில் பேசுவதற்கு அந்த விதி இல்லையே. மாங்காய் ஊறுகாய் போட்டிருப்பாங்க என்றேன் நான். இல்ல டீச்சர், படிக்காம விட்ட கெமிஸ்ட்ரி புக்க எடுத்து வச்சிருப்பாங்க என்றாள் அவள். நடுவட்டம் வரைக்கும் அதே பேச்சுதான்.